வாசகர் இல்லை

விக்கிரமசிங்கபுரத்து மில்லில் வேலை செய்யும் ஒரு பெண் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் நூலகத்துக்கு வருவார். தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். வாசகர்கள் கேட்கும் நூல்களை எழுதிவைக்கும் பரிந்துரைப் பதிவேட்டை வாங்கி, பியானோ தோன்றுவதற்கு முன்பிருந்த விசைப்பலகை வாத்தியங்களைப் பற்றிய ஓர் ஆய்வு நூலின் பெயரை, செல்போனைப் பார்த்து ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக எழுதுவார். வாரந்தோறும் அதே நூல்தான். எழுதும்போது இடக்கை விரல்கள் மேசையில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும்.

அவர் போனதும் பக்கத்துக் கட்டத்தில் ‘வாசகர் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதிவிடுவேன். அப்படி எழுதினால், ஏன் வாங்கவில்லை என்று மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஒருநாள் அவர் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டார்.

“இத யாரு எழுதுனது அண்ணாச்சி?”

“நான்தாம்மா. இதையெல்லாம் இங்கன யாரு படிக்கப்போறா?”

“வாரந்தோறும் ஒங்க முன்னால வந்து நிக்கது அப்ப யாரு?”

என் சிவப்புப் பேனாவையே எடுத்து, அத்தனை குறிப்பையும் அடித்தார். நூலின் பெயரை மறுபடி எழுதிப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

“இப்ப எழுதுங்க. என் மொகத்தப் பாத்து எழுதுங்க.”

‘வாசகர் ஒருவர்’ என்று எழுதினேன்.

புத்தகம் இன்னும் வரவில்லை. அவர் வருவதை நிறுத்தவும் இல்லை. அந்த விரல்கள் என்ன வாசிக்கின்றன என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.