குளிரில் எடுத்த அளவு

சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் நாகலூரின் மெக்கானிக் சாந்தாமேரிக்கு முதன்முதலாகப் பந்தயக் கார் வேலை வந்தது 2024 மார்ச்சில்தான். அது மின்சாரக் கார். விரட்டி ஓட்டினால் பேட்டரி சூடேறி வேகம் குறைந்துவிடும். அவர் பெரிய ரேடியேட்டர் பொருத்தினார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் விரட்டி ஏறியும் பேட்டரியின் சூடு 39 டிகிரியைத் தாண்டவில்லை.

“நாளைக்குக் கோயமுத்தூர்ல கப்பு நமக்குத்தானுங்க!” என்றார் கார்க்காரர் சந்திரசேகர்.

“ஏனுங்க, இது நம்மூருக் குளிருங்க. அங்கத்த வெயிலுக்குத் தாங்குமான்னு தெரியாதுங்க. மத்தியானம் சேலத்துல ஓட்டிப் பாக்கோணும்.”

“பந்தயத்துக்கு முந்தின சோதனைக்கு இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வண்டி கோயமுத்தூர்ல இருக்கோணுமே! வேற மெக்கானிக்கப் பாக்கட்டுங்களா?”

“பாருங்க. வெயில் காயற ஊர்க்காரராப் பாருங்க.”

சந்திரசேகர் சிரித்துவிட்டார். பந்தயத்தை விட்டுவிட்டு இருவரும் சேலத்துக்கு இறங்கினார்கள். அங்கே ஒரு காலி மைதானத்தில் ஆறாவது சுற்றிலேயே சூடு 57 டிகிரியானது, வண்டி தளர்ந்தது. சாந்தாமேரி அங்கேயே ரேடியேட்டரைக் கழற்றத் தொடங்கினார்.