கடலுக்காக ஒரு காலி நாள்

நாம் போகாத இடத்துக்கு மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நம் தொழில். பயண ஏற்பாடு செய்து பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; நீங்களும் இந்நேரம் எங்கோ அடிக்கும் காற்றுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தி. நகரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் என் அலுவலகம். நானும் ஆதம்பாக்கத்திலிருந்து வரும் செல்வியும்தான். நாங்கள் அதிகம் அனுப்புவது அந்தமானில் உள்ள ஒரு சின்னத் தீவுக்கு. போர்ட் பிளேர் வரை விமானம், ஓர் இரவு தங்கல், மறுநாள் கப்பலில் ஏழெட்டு மணி நேரம். ஒரே ஒரு விடுதி, தென்னை மரங்கள், முடிவே தெரியாத மணல். புகைப்படங்களில் பார்த்தே அதன் ஒவ்வொரு வளைவும் எனக்குப் பழக்கம். போனதில்லை. ஏன் போகவில்லை என்று ஐம்பத்தைந்து வயதில்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆளில்லாத இடம்

தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் மாடியேறி வந்தார். வருஷம் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது, மனுஷ வாடையே இல்லாத இடமாக வேண்டும் என்றார். தீவின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆளில்லாத எடம்னுதான் கேட்டேன். அதுக்குன்னு ஒரு டீக்கடை கூடவா இருக்காது?"

காலி நாள்

அந்தத் தீவில் காற்று ஏறினால் கப்பல் வராது. எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் என் திட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பும் கப்பலுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் போர்ட் பிளேரில் ஒரு நாளைச் சும்மா விட்டுவிடுவேன். செல்வி அதற்குக் காலி நாள் என்று பெயர் வைத்தாள்.

இதைப் பற்றி என்னோடு சண்டை போடாத வாடிக்கையாளர் இல்லை. அண்ணாச்சியும் போட்டார். "சும்மா உக்காரதுக்கு அம்புட்டு தூரம் போவணுமா? அதுக்கு எங் கடை கல்லாவே போதுமே."

கல்யாணி டீச்சர்

மயிலாப்பூரில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவர் கல்யாணி டீச்சர். படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பதினோரு வருஷமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி பத்து நாள் லீவில் வந்து, "நீ எங்கேயாவது போயிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். திங்கள் கிளம்பிச் சனி திரும்ப வேண்டும். ஞாயிறு மாலை தம்பிக்கு விமானம்.

திட்டத்தை எழுதிக் கொடுத்தேன். செவ்வாய் தீவு, வியாழன் திரும்பும் கப்பல், வெள்ளி காலி. அந்த வெள்ளியைப் பென்சிலால் வட்டமிட்டார். அதைத் தீவிலேயே சேர்த்துவிடச் சொன்னார். கப்பல் நிற்கக்கூடும் என்றேன். "தெரியறது. ஆனா பதினோரு வருஷத்துல நேக்குக் கெடைச்சது ஆறு நாள். அதுல ஒண்ணை எடுத்துக் காத்துக்குக் குடுக்கச் சொல்றேளே."

அழித்தது

அழித்துவிட்டேன். இரக்கப்பட்டு அழித்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். அந்த மாதம் வேறு முன்பதிவே வரவில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது என் கையை நகர்த்தியது என்று இன்றும் தெரியவில்லை.

முதல் திட்டப்படி டீச்சர் ஏறியிருக்க வேண்டிய வியாழக்கிழமைக் கப்பல் ஒழுங்காகக் கிளம்பியது. வெள்ளிக்கிழமை காற்று ஏறியது. கப்பல் ரத்து என்று விடுதிக்காரர் போன் செய்தபோது செல்வி கணினியிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. "இன்னா சார் நீங்க. எல்லாருக்கும் அந்த நாள வச்சீங்க. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு எடுத்துட்டீங்க."

தம்பி

சனிக்கிழமை டீச்சரின் தம்பி அலுவலகத்துக்கு வந்தார். திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை போய்விடும் என்றார். பொய்யாகத் தெரியவில்லை. வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் இடங்களில் செவ்வாய்க்கு முன் ஆள் இல்லை. அடுத்த கப்பல் திங்களன்று என்றாலும் டீச்சர் வீடு வரச் செவ்வாய் மதியம் ஆகும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "சாரி சொல்லிண்டிருந்தா அப்பாக்கு யார் சாதம் ஊட்டறது? நீங்க வந்து பாத்துப்பேளா?"

சுவரில் ஒரு திட்டம்

அவர் கோபத்தில் கேட்டார். போய்ப் பார்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஞாயிறு மாலை மயிலாப்பூர் வீட்டுக்குப் போனேன். சமையலுக்குத் துணையாகச் செல்வியும் வந்தாள்.

பெரியவருக்கு எண்பத்து நான்கு வயது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் டீச்சர் எழுதி ஒட்டிய அட்டவணை இருந்தது. காலை ஐந்து மணியிலிருந்து மருந்து, துடைப்பது, கஞ்சி, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, இடையிடையே டியூஷன் பிள்ளைகள். எத்தனையோ பேருக்குப் பயணத் திட்டம் போட்டவன் நான். இவ்வளவு நெருக்கமான ஒன்றைப் பார்த்ததில்லை. விரல் வைத்துத் தேடினேன். அதில் காலி என்று எதுவுமே இல்லை.

திங்கள் காலை செல்வி கஞ்சி வைத்தாள். ஊட்டினேன். பாதியில் பெரியவர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உப்பு ஜாஸ்தி. பதினோரு வருஷமா இதைச் சொல்ல அவ நேக்கு ஒரு சந்தர்ப்பம் குடுத்ததில்லை."

டீச்சர் சொன்னது

செவ்வாய் மதியம் டீச்சர் வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. பையை வாசலிலேயே வைத்துவிட்டு அப்பாவிடம் ஓடினார். போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தார், புண் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு என்னை வழியனுப்பப் படிக்கட்டு வரை வந்தார். நான் இரண்டு நாளாக மனதுக்குள் கட்டி வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விடுதியில கப்பல் வரலைன்னு சொன்னா. அப்பா ஞாபகம் வரதுக்கு முன்னாடி நேக்கு சந்தோஷம் வந்துடுத்து. அதை நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதேள்."

இப்போது எவர் கேட்டாலும் காலி நாளை நான் அழிப்பதில்லை, ஆனால் கல்யாணி டீச்சர் மறுபடி வந்து கேட்டால் என்ன செய்வேன் என்று செல்வி கேட்கும்போதெல்லாம் வானிலை அறிக்கையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறேன்.