அம்மா பாடிய காலை

அப்பாவுக்கு ஜப்பான் மொழி வீட்டில் நன்றாகவே வரும். சவரம் செய்தபடியே மளமளவென்று சொல்லுவார். தொப்பி வைத்த அதிகாரி எவராவது எதிரில் வந்து நின்றால்தான் தகராறு. ஒருமுறை அலுவலகத்தில் உன் பெயர் என்ன என்று அந்த மொழியில் கேட்டதற்கு, வெகுநேரம் யோசித்துவிட்டு, கேட்ட அதிகாரியின் பெயரையே சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டு, சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பெயர் மாறியிருந்த காலம் அது. சிரிக்கக் கிடைத்ததை நாங்கள் விடுவதில்லை.

பரீட்சை என்று அறிவிப்பு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. அப்பாவைப் போல அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணிமார் எல்லாரும் அந்த மொழியில் வாய்மொழிப் பரீட்சை தேற வேண்டும். தேறாதவர்கள் சயாமுக்கு, ரயில் பாதை போடப் போக வேண்டும்.

சயாம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேதான் போயிருந்தார். சிராங்கூன் சாலைக்குத் துணி துவைக்கிற சவர்க்காரம் வாங்கப் போனவரை ஜப்பான் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றே அம்மா கோயிலில் நேர்த்தி வைத்தார்: தம்பி வீடு திரும்பும்வரை பாடுவதில்லை. அது லேசான நேர்த்தி இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தின் கல்யாணங்களில் அம்மா பாடாமல் பந்தி போடமாட்டார்கள். மீன் கழுவும்போதுகூடப் பாடுகிறவர் அவர். நான் நச்சரித்தால், "மாமா வரட்டும் பிள்ளை, பிறகு பாடுவம்" என்பார்.

பரீட்சை நாள் காலையில் அப்பா சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டார். அவித்த மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்து அப்படியே எடுத்துவிட்டார். அதுவரை அலுவலகத்தில் மட்டும் மறந்த பாடம் அன்று வீட்டிலேயே மறந்துபோனது.

"ஒண்டும் வருகுதில்லையப்பா" என்றார் அம்மாவிடம். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு நீலாம்பரியை மெல்ல எடுத்தார். சொற்கள் இல்லை, ராகம் மட்டும். முன்பு என்னைத் தூங்க வைத்த ராகத்தை விடிந்ததும் விடியாததுமாகப் பாடுகிறாரே என்று இருந்தது. பாடாமலே கிடந்த தொண்டை முதலில் கரகரத்தது, பிறகு சரியாகிவிட்டது.

"வேண்டாமப்பா, நேர்த்தியெல்லே" என்று பதறினார் அப்பா.

அம்மா தலையை மட்டும் ஆட்டினார், பாட்டை நிறுத்தவில்லை. அவர் மூச்சு நீள நீள அப்பாவின் மூச்சும் நீண்டது. பொத்தான்களை அவிழ்த்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது ஜப்பான் மொழிப் பாடத்தை அந்த ராகத்திலேயே முணுமுணுத்துக்கொண்டு போனார். அப்படியொரு நீலாம்பரியை உலகம் கேட்டிருக்காது.

நானோ வேறு கணக்கில் இருந்தேன். அம்மா பாடிவிட்டார் என்றால் மாமா வருகிறார் என்றுதானே அர்த்தம்? தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடினேன். வெயில் ஏறியும் அங்கேயே நின்றேன். கடைசியில் வந்தது அப்பா.

"பாஸ் பிள்ளை, பாஸ்!"

அரைவயிற்றோடு இருந்த மனிதர் என்னை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் தோளுக்கு மேலால் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓயும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் பாடினீங்கள்தானே, மாமா எங்கை?"

அம்மா குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார். அப்பா என்னை அதட்டினார், ஏனென்று சொல்லவில்லை.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாமா வரவில்லை. அங்கே காய்ச்சலில் போனவர்கள் எத்தனையோ பேர், அதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். அம்மா தலையசைத்துக் கேட்டுக்கொள்வார், ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நேர்த்தியை முறித்து, அப்பாவை வீட்டில் வைத்துக்கொள்வதற்காகத் தம்பியை விட்டுக்கொடுத்துவிட்டதாகவே கடைசிவரை நம்பினார். அது தெரியாமல், மாமா எப்போது வருவார் என்று நான் பின்னும் பல நாள் அம்மாவிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.