ஏழாம் நம்பர் மலைக்கு நான் போட்ட கையெழுத்து

மடுல்சீமைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச வராது. தொழிலாளர் குழு என்று ஒன்றை நிர்வாகம் ஆரம்பித்தபோது, எங்களை வேலை வாங்கும் கங்காணி என்னைக் காட்டியதற்குக் காரணமும் அதுதான்.

"இவரப் போடுங்க சார், வம்பு தும்புக்குப் போகமாட்டாரு."

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மாதத்துக்கு ஒரு கூட்டம். நாங்கள் ஐந்து பேர். ஆபீசுக்குள் நுழையும்போதே கிளாக்கர் புத்தகத்தை நீட்டுவார். வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்காருவோம். கையெழுத்துகளுக்கு மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் என்ன எழுதப் போகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு எதிரே உட்காருவதே எங்களுக்குப் புதிது.

இந்த ஐப்பசி மழையில் நடந்த கூட்டத்தில், மண் சரிவுக்குப் பயந்து விட்டுவைத்திருந்த ஏழாம் நம்பர் மலையில் திங்கட்கிழமை முதல் கொழுந்து எடுக்கப்போவதாகத் துரை சொன்னார். "யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றும் கேட்டார்.

இருந்தது. அதற்கு முந்தின வாரம் விறகுக்குப் போன என் மனைவி, அந்த மலையின் மேல் தேயிலை வரிசைக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதாகச் சொன்னாள். நானும் போய்ப் பார்த்தேன். பத்து அடி நீளத்துக்கு வெடிப்பு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். துரை என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

சனிக்கிழமை காலை பெரட்டுக் களத்துப் பலகையில் கூட்டப் புத்தகப் பக்கத்தின் நகல் ஒன்று ஒட்டியிருந்தது. மலை பாதுகாப்பானது என்று குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாம். கீழே ஐந்து கையெழுத்துகள். மூன்றாவது என்னுடையது.

"அண்ணே, நீங்க நாற்காலியில ஒக்காந்து டீ குடிப்பீங்க, நாங்க மலையோட உருண்டு வரணுமா?" என்றாள் பக்கத்து லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி.

என் மனைவிக்கும் அந்த மலையில்தான் வேலை. வீட்டில் அவள் சண்டை போடவில்லை. "நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க. அப்ப போறேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு நாளும் மழை விடவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். துரை குடை பிடித்து நின்றார். ஸ்டோருக்குப் போகவேண்டிய நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அந்தக் கூட்டப் புத்தகத்தக் கொஞ்சம் தாங்க."

"என்னத்துக்கு?"

"எழுதணுங்க."

"என்ன விசயம், வாயில சொல்லுங்களேன்."

"வாயில வராதுங்க சார்."

யாரோ சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. கிளாக்கரைப் பார்த்துத் தலையாட்டினார். பெரட்டுக் கொட்டகையில் குனிந்து நின்று, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். அவ்வளவு பேரும் காத்திருந்தார்கள். முடித்ததும் கிளாக்கர் வாங்கி முணுமுணுவென்று படித்தார்.

"எங்களுக்குந்தான் கேக்கட்டுமே, சத்தமா படிங்க கிளாக்கரையா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் மறுபடி படித்தார். "மேலே உள்ளதை நான் சொல்லவில்லை. மலை வெடித்திருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். கூட்டத்தில் சொல்லாதது என் தப்பு."

ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். என் மனைவி கடைசியாக வைத்தாள்.

"நீங்க காட்டுங்க" என்றார் துரை.

நான் முன்னால் ஏறினேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். வெடிப்பு நான் பார்த்ததைவிட அகன்றிருந்தது. துரை குடையை மடக்கி அதற்குள் விட்டார். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என் மனைவிதான் சொன்னாள். "துரை மொகத்தப் பாத்து ஒடனே மாட்டேன்னு சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லீங்க சார். மலைக்குப் போறவங்க நாங்க. எங்ககிட்ட ரெண்டு நாள் முன்னாடியே கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க."

துரை கங்காணியைக் கூப்பிட்டு, பெண்களை மூன்றாம் நம்பர் மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்று இதுவரை தெரியவில்லை.