கறுப்பை மறைக்க அப்பாவை வெட்டினான்

எங்கள் தோணியின் வெள்ளோட்டத்தன்று என் அப்பா பாய்மர உச்சியில் ஏறிக் கொடி கட்டினார். அவர் இறந்தபின் எங்களுக்கு மிஞ்சியது அதைப் படம்பிடித்த வீடியோ கேசட்தான். அதைப் பென் டிரைவில் ஏற்ற ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன்.

வீட்டில் போட்டால், படம் டிவியை முழுக்க நிறைத்தது. "ஏளா, ஒங்கப்பாவக் காணலயே!" என்றார் அம்மா. மரம் நின்றது, உச்சி இல்லை.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

"பழைய படம் சதுரமால்லா இருக்கு. இப்ப உள்ள அகல டிவில போட்டா ரெண்டு பக்கமும் கறுப்பு விழும்னு மேலயும் கீழயும் வெட்டிட்டேன்க்கா" என்று சிரித்தான் கடைக்காரன்.

"கறுப்ப மறைக்க எங்கப்பாவ வெட்டுவியாலே? கேசட்ட எடு!" என்று கத்தினேன். நல்லவேளை, ஏற்றி முடித்ததும் அவன் தூக்கிப் போட்ட கேசட் குப்பைச் சாக்கில் இன்னும் கிடந்தது.

இப்போது எந்தப் பழைய வீடியோவைக் கொடுத்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து, வெட்டாமல் ஏற்ற வைக்கிறேன். எங்கள் டிவியில் இருபுறமும் கறுப்புதான். நடுவில் அப்பா கொடி கட்டுகிறார்.