ஆயுத பூசையன்று எடுத்த வாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூசை அன்று மத்தியானம் நடந்தது இது. எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமைக்கு மேலே, தேயிலைக்குள் வளைந்து ஏறும் ஒரு சின்ன வீதியில் இருக்கிறது. மழை விடாமல் பெய்தால் அந்த வீதியில் எங்காவது ஓரிடத்தில் மண் சரியும். அன்றைக்கும் சரிந்திருந்தது.

சம்பவத்துக்கு முன்னால் என் பட்டறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆமாம், என் பட்டறைதான். கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பெண் நான். ஒரு தடவை எங்கள் சமையலறை ஜன்னல் கொக்கி கழன்று விழுந்தது. மர வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். "நாளைக்கு வர்றேன்" என்றார். எப்போது கேட்டாலும் நாளைக்குத்தான். எனக்கு வந்ததே கோபம்! சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குப் போய் ஒரு ட்ரில் மெசின் வாங்கிக்கொண்டு வந்து, கொக்கியை நானே பூட்டினேன். கொஞ்சம் கோணல்தான். ஆனால் அன்று முழுக்க அந்த ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பைத்தியம் பிடித்துக்கொண்டது. மற்றப் பெண்கள் சேலைக் கடையில் நிற்கும் நேரத்தில் நான் ஹார்ட்வெயார் கடையில் நிற்பேன். அரம், குறடு, ஸ்பேனர், இரும்பு அறுக்கும் வாள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் செய்யும் ஒருவர் இடம் மாறும்போது ஒரு பழைய வைஸை விற்றார். இரும்பை இறுக்கிப் பிடித்து வைத்திருக்குமே, அந்த வைஸ்தான். பிள்ளையைத் தூக்கி வருவது போல் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இந்தப் பிள்ளைக்கும் டிக்கட் எடுக்க வேண்டும் என்று கொண்டக்டர் சிங்களத்தில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

சமையலறைக்குப் பின்னால் விறகு போட்டு வைத்திருந்த அறைதான் பட்டறை ஆனது. எங்கள் பக்கம் பனிக்கும் ஈரத்துக்கும் இரும்பு இரண்டே நாளில் சிவந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் பூசி, பழைய சாரத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பேன். உள்ளே சூடு இருக்கட்டும் என்று ஒரு சின்ன பல்பையும் எரிய விடுவேன். அதைப் பார்த்து என் மாமியார், "இரும்ப அடைகாக்குற பொம்பளய இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறித்து என் கணவரைப் படிக்க வைத்தவர். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! எனக்கும் அவருக்கும் பொழுது விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் சேர்ந்து உட்கார்ந்து நாடகம். அவருடைய ஒரே திட்டம், அந்த அறையைக் காலி பண்ணி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரும் டீச்சர் யாருக்காவது வாடகைக்குக் கொடுப்பது. தீபாவளிக்குள் காலி பண்ணச் சொல்லி என்னை அரித்துக்கொண்டே இருந்தார்.

இருந்தாலும் ஆயுத பூசை வந்துவிட்டால் அவரே என் பக்கம் வந்துவிடுவார். தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்துச் சாமி முன்னால் படைத்துப் பழகியவர் அல்லவா! அன்றைக்கும் காலையிலிருந்து இருவரும் உட்கார்ந்து எல்லாக் கருவிகளையும் துடைத்தோம். துருவைத் தேய்த்து எடுத்தோம். சாமிக்கு வைக்கிறபோது பழசாக இருக்கக் கூடாது என்று இரும்பறுக்கும் வாளுக்குப் புது பிளேட் மாட்டினேன். எல்லாவற்றையும் சாமி அறையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கடலை, அவல், பழம் படைத்து, கற்பூரம் காட்டினோம். இனி விடியும் வரை யாரும் எதையும் தொடக் கூடாது. கருவிகளுக்கு அன்று ஓய்வு.

இந்த விஷயத்தில் மாமியார் ரொம்பக் கண்டிப்பு. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவருடைய தம்பி வாலிப வயதில், பூசையில் இருந்த கத்தியை எடுத்து விறகு வெட்டப் போய்க் காலை வெட்டிக்கொண்டாராம். கடைசி வரை நொண்டித்தான் நடந்தாராம். "படைச்சத எடுத்தா அது ரத்தம் பாக்காம விடாது" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கிண்டல் இருக்காது.

பூசை முடிந்து சாப்பிட்டு எழும்பியிருப்போம். கரண்ட் போய்விட்டது. வெளியே மழை கொட்டுகிறது. யாரோ கதவைப் போட்டு உடைப்பது போல் தட்டினார்கள். திறந்தால், பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். குடைகூட இல்லாமல் நனைந்து, பாலர் பாடசாலைக்குப் போகும் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். குழந்தையின் கையில் ஏதோ தட்டு போல் தொங்கியது. உற்றுப் பார்த்தேன். குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற இடத்தில் ஓட்டை ஓட்டையாய் ஒரு சில்வர் மூடி இருக்குமே, அது! அதன் ஓர் ஓட்டைக்குள் குழந்தையின் ஆட்காட்டி விரல் அடி வரை போய் மாட்டியிருந்தது.

"அக்கா, சவுக்காரம் போட்டும் வரல்ல, எண்ணெய் போட்டும் வரல்ல. இழுக்க இழுக்க வீங்குது. புள்ளட வெரல பாருங்களே!" என்று அழுதார்.

பார்த்தேன். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. குழந்தையின் அப்பா கண்டியில் கடையில். என் கணவர் வேனோடு மண்சரிவுக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினோம். மண்ணை அள்ளினால்தான் மேலே வர முடியும், அதற்கு இருட்டிவிடும் என்றார்கள். கொட்டும் மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றைக் கடக்கவும் வழியில்லை. மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

இருட்டும் வரை அந்த விரல் தாங்காது என்று எனக்குப் பட்டது. விறுவிறு என்று சாமி அறைக்குப் போனேன். மாமியார் வாசலில் குறுக்கே நின்றார்.

"வேணாம் புள்ள. படைச்சத எடுக்காத."

"அத்தே, வழிய விடுங்க."

"ரத்தம் பாக்கும்டி! அதுவும் பச்சப் புள்ளயோட வெரலு!"

"எடுக்காட்டி வெரலே போயிரும் அத்தே!" என்று நான் கத்திவிட்டேன். அவரிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. எங்கள் சண்டையெல்லாம் வேறு மாதிரிச் சண்டை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் குழந்தையைப் பார்த்தார். அது அழுது களைத்து, "உம்மா, நோகுது" என்று முனகிக்கொண்டிருந்தது. மாமியார் கிட்டப் போய் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாமி அறைக்குள் போனார். மறுபடியும் ஒரு கற்பூரத்தை ஏற்றினார்.

"சாமி, இன்னைக்கு லீவு இல்ல. நாளைக்கு எடுத்துக்க" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பொட்டு வைத்த அந்த வாளைத் தானே தூக்கி என் கையில் கொடுத்தார்.

கரண்ட் இல்லாததால் இரும்பு வெட்டும் கிரைண்டர் மெசினைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்திருந்தாலும் குழந்தையின் விரலுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டு போயிருக்க மாட்டேன். வைஸ் மேசையோடு பூட்டியிருந்ததால் அது மட்டும் பட்டறையிலேயே பொட்டோடு இருந்தது. பழைய இறப்பர் செருப்பை வெட்டி இரண்டு பக்கமும் வைத்து, மூடியின் ஓரத்தை அதில் ஆடாமல் இறுக்கினேன். தாய் கதிரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் அணைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். மாமியார் ஒரு கையில் போன் டோர்ச், மறு கையில் தண்ணீர் டம்ளர். அறுக்க அறுக்கத் தகடு சூடாகும், அதனால் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன்.

குழந்தை வாளைப் பார்த்தது. "அதுக்கு ஏன் பொட்டு?"

மாமியார் சட்டென்று, "அதுக்கு இன்னைக்குப் பொறந்த நாளு" என்றார்.

"அப்ப கேக் எங்க?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வாளைத் தகட்டில் வைத்தேன்.

மூடியின் விளிம்பிலிருந்து அறுக்க ஆரம்பித்தேன். ஓட்டைக்கு ஓட்டை நடுவில் இருக்கும் தகட்டை மட்டும் அறுத்தால் போதும் என்பது கண்ணில் பட்டது. புது பிளேட் அல்லவா, வெண்ணெயில் போவது போல் போகாவிட்டாலும் வழுக்காமல் போனது. காலையில் மாட்டாமல் பழைய மொட்டை பிளேடே இருந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மாமியார் அந்தப் பக்கம், "கேக்கு அடுத்த வருஷம், இப்ப கடலதான்" என்று குழந்தையோடு பேரம் பேசிக்கொண்டே தண்ணீரை ஊற்றினார். டோர்ச் வெளிச்சம் கொஞ்சமும் அசையவில்லை.

விரல் இருந்த ஓட்டையை நெருங்கியதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அறுத்தால் பிளேட் சதையில் படும். நூலளவு தகடு மிச்சம் இருந்தது. வாளைக் கீழே வைத்துவிட்டு வைஸைத் தளர்த்தினேன். மாமியார் ஓடிப் போய்ப் பூசையிலிருந்த இரண்டு குறடுகளையும் கொண்டு வந்தார். இந்தத் தடவை அவர் சாமியிடம்கூடக் கேட்கவில்லை! வெட்டின் இந்தப் பக்கம் ஒரு குறடு, அந்தப் பக்கம் ஒரு குறடு. ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் மெல்ல மடக்கினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

டக்.

ஓட்டை வாயைத் திறந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு விரல் தானாக வெளியே வந்தது. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கருநீலம் மெல்ல மெல்லச் சிவப்பாக மாறியது. குழந்தை விரலை மடக்கியது, நீட்டியது, மறுபடியும் மடக்கியது. "கடல தாங்க" என்றது.

அந்தத் தாய் என்னைக் கட்டிக்கொண்டு ஓ என்று அழுதார். "அல்லாஹ் ஒங்கள நல்லா வெக்கோணும் அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அழவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது, மலை உச்சியில் ஏறி நின்று கத்த வேண்டும் போல். பட்டறை நடுவில் குறட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கப் வாங்கிய கிரிக்கட் கெப்டன் மாதிரி நின்றேன்.

மாமியார் என்ன செய்தார் தெரியுமா? குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பி டோர்ச் அடித்துப் பார்த்தார். நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில், எங்கும். பிறகு மழையைக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போய், என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி, "ஒரு சொட்டு ரத்தம் இல்ல! ஒரு சொட்டு!" என்று கத்தினார். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்ததை அவர் கத்திவிட்டார்.

மறுநாள் ரோட்டைத் திறந்ததும் குழந்தையைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டினார்கள். விரலுக்கு ஒன்றுமில்லை, வீக்கம் தானாக வற்றிவிடும் என்றார்களாம்.

அடுத்த வாரம், வாடகை அறை பார்த்துக்கொடுக்கிற ஆள் வந்தார். புது டீச்சர் ஒருவர் இடம் தேடுகிறார், அந்தப் பின்னறை காலியாகிவிட்டதா என்று கேட்டார். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அந்த ரூமா? அதுல ஆளு இருக்கு" என்றார் மாமியார்.

"யாரு?"

"அங்க வேல செய்றவங்க இருக்காங்க. அவங்கள எழுப்ப ஏலாது" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். தீபாவளி வந்தது, போனது. காலி பண்ணும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வருடம் ஆயுத பூசைக்கு முதல் நாள் அவர் வத்தேகமைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். பையில் பூ, பழம், கடலையோடு ஒரு புது இரும்பறுக்கும் வாள். நம்மிடம்தான் ஒன்று இருக்கிறதே என்றேன். "ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு அவசரத்துக்கு" என்றார். பழைய வாளுக்குப் பொட்டு வைத்து நடுவில் படைத்தார். புதியதற்கு எண்ணெய் பூசி, எனக்குக் கை எட்டுகிற இடத்தில் கதவுக்குப் பின்னால் மாட்டினார். பூசை முடியும் நேரம் பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தது. அதன் கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு துண்டு பட்டர் கேக்.

பட்டறைக்கு நான் எத்தனையோ கருவிகளைப் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்திருக்கிறேன், ஆனால் கதவுக்குப் பின்னால் தொங்கும் அந்த ஒன்றைக் காணும்போதுதான், இந்த அறை இனி என்னுடையது மட்டும் இல்லை என்று மனசு நிறைந்து போகிறது.