பத்தொன்பதாம் பாகத்தோடு விட்டவள்

என் தம்பி பார்த்தீபனுக்கு வயது முப்பத்தேழு. கொக்குவிலில் தண்ணீர் மோட்டர் திருத்துகிறான். மோட்டரைத் திட்டுவான், கொஞ்சுவான். மனிதரைக் கண்டால் மட்டும் வாய் திறக்காது. அதனாலேயே ஏழு சம்பந்தம் குழம்பிப் போனது. ஒரு வீட்டில் இவன் ஊமையோ என்று என்னிடமே கேட்டார்கள். வந்த கோபத்தில் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

எட்டாவதாக வந்தவள் அளவெட்டிப் பத்மாசினி. பிரதேச சபையில் வேலை. முதலில் இரண்டு பேரும் போனில் பழகட்டும் என்று பெரியவர்கள் விட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் இவன் ஒரு யப்பான் கார்ட்டூன் தொடரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். அப்போது ஊர் முழுக்க அதே பேச்சு. நல்லூரில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளின் சேட்டில், கொப்பியில், சைக்கிள் மட்காட்டில் எல்லாம் அதில் வருகிற வாள்காரப் பெடியன்தான். மொத்தம் அறுபத்திரண்டு பாகம். அவள் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தாள், இவன் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினான். போனும் சிரிப்புமாகத் திரிந்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை அவளுடைய தகப்பனாருக்குப் போன் எடுத்து, கல்யாணத்துக்கு நாள் வைப்போமா என்று கேட்டேன். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஞாயிறு காலை தம்பிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "குறை நினையாதேங்கோ. உந்தக் கதை இனி எனக்கு வேண்டாம். இதோடை விடுவம்."

எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சையும் கதை என்றுதான் சொல்வோம். முதல் நாள் கேட்டதற்கு மறுநாள் பதில் வந்துவிட்டது என்று இருவரும் நினைத்தோம். தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

"விடுங்கோ அக்கா. எனக்குப் பழகீட்டுது," என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை முடியக் கோபம் வந்தது. விருப்பமில்லை என்றால் இரண்டு மாதமாக எதற்குப் பெடியனை ஆட்டிவைத்தாள்? நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன்.

பத்மாசினி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ அக்கா, இருங்கோ."

"நான் இருக்க வரேல்லை. கதை வேண்டாம் எண்டால் பெரியாக்களிட்டைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு ஏன் எழுதினனீர்?"

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ அக்கா, நான் கார்ட்டூனையெல்லோ சொன்னனான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் படபடவென்று சொன்னாள். "பத்தொன்பதாம் பாகம் வரைக்கும் பொறுத்துப் பாத்தன். வாளைத் தூக்கின பெடியன் நாலு பாகமாத் தூக்கினபடியே நிக்கிறான். எனக்குக் கொட்டாவிதான் வருது. பிடிக்கேல்லை எண்டு சொன்னால் இவர் என்னை விட்டிடுவாரோ எண்டு ரெண்டு கிழமையாச் சொல்லாமல் இருந்தனான். இவரும் எந்நேரமும் அந்தப் பெடியனைப் பற்றியே எழுதுறார். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை."

நான் தம்பிக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"நான் விட்டது கார்ட்டூனை. உங்களை இல்லை," என்றாள். பிறகு தானே கேட்டாள். "நேற்று என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஒரு மோட்டர் எரிஞ்சு போச்சு," என்றான் தம்பி மெல்ல. "அதிலை சொல்ல என்ன இருக்கு?"

"ஏன் எரிஞ்சது?"

கொஞ்சம் கொஞ்சமாக அவன் சொல்லத் தொடங்கினான். வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் வற்றியது, தெரியாமல் மோட்டர் வெறுமனே ஓடியது, அதைக் கழற்றியபோது கையைச் சுட்டுக்கொண்டது. அவள் இடையிடையே கேட்டாள். நான் வாளியிலிருந்த உடுப்பு முழுவதையும் கொடியில் போட்டு முடித்தேன். அவர்கள் முடிக்கவில்லை.

போன் என் கைக்கு வந்தபோது தம்பி சொன்னான்.

"அக்கா, என்னட்டை ஆரும் இப்பிடிக் கேட்டதில்லை."

முப்பத்தேழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற நானும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, குளித்தாயா என்பதோடு சரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுடைய தகப்பனார் கோயிலால் வரும்வரை அங்கேயே இருந்து, நாளைக் கேட்டுக்கொண்டுதான் எழும்பினேன். வைகாசியில் கல்யாணம்.

அடுத்த நாள் தம்பி வேலையால் வந்ததும், "இண்டைக்கு ஆருடைய மோட்டர்?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினான். அவன் சொல்லி முடிய, போட்ட சோறு ஆறிவிட்டது.